துப்புரவுக்கு ஒரு ஜீவன்

ஒரு பட்டியல் என் முன்னால் கிடக்கிறது. நண்பர் தம் கைப்பட எழுதியது. இடது பக்கம் ஜந்துக்களின் பெயர்கள். வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது செய்யப்போகும் வேலை. ஒரு வகை நத்தை: கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசி. இன்னொரு வகை நத்தை: மணலுக்குள் விழுந்து கிடக்கும் மிச்சத் தீனி. துறவி நண்டு: மூலை முடுக்குகள். மணல் சலிக்கும் நட்சத்திர மீன்: அடிமணல் முழுவதும். கடல் அட்டை என்று எழுதி, அடித்திருக்கிறார். கோபி வகை மீன் என்று எழுதி எதிரே கேள்விக்குறி போட்டிருக்கிறார். வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிறவர்கள் மனசுக்குள் போடுகிற பட்டியல் மாதிரியே இருக்கிறது. சம்பளம் என்ற பத்தி மட்டும் இல்லை.

நண்பர் சிங்கப்பூரில் இருக்கிறார். அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரி இருந்திருக்க வேண்டிய சுவரோரம், நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியில் கடல் வைத்திருக்கிறார். பவழங்கள், நாலைந்து மீன்கள், துளைகள் நிறைந்த பாறை, அடியில் வெள்ளை மணல். அந்த வீட்டில் நான் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அதில் பதினைந்து நாட்கள் அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். தொட்டி என் பொறுப்பில் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதுகிற நிர்ப்பந்தம் அந்தப் பதினைந்து நாட்களில் ஏற்பட்டது.

மீன்தொட்டிக்கும் இந்தப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம் வட்டத்திலேயே இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் எதுவும் இல்லை. ஒரு ஜீவனை அது செய்யும் காரியத்தின் பேரில் மட்டும் தேர்ந்தெடுத்து, தப்பிக்க முடியாத ஓர் இடத்தில் கொண்டுவந்து வைப்பது என்றால் என்ன? இந்தக் கேள்வியைப் பெரிய விஷயங்களில் கேட்டுக் கேட்டு வாய் மரத்துப்போய்விட்டது. சின்ன விஷயத்தில் கேட்டால் கொஞ்சம் உணர்ச்சி திரும்பலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் அழுக்கு. அது எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை, தெரிந்த விஷயம் என்பதால். மீனுக்குப் போடும் தீனியில் மீன் தின்னாதது கீழே இறங்குகிறது. தின்றதும் வேறு உருவத்தில் கீழே இறங்குகிறது. இரண்டும் மணலில் தங்கி மண்டியாகின்றன. புதிய தொட்டியானால் மணல்மேல் டயாட்டம் என்ற நுண்பாசி பழுப்புப் பொடி தூவினாற்போல் படரும். நாளான தொட்டியில் சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு சவ்வு போர்த்திக்கொள்ளும். மணல் ஆழமாக இருந்தால், கீழே பிராணவாயு எட்டாத பகுதியில் வேறு வகை பாக்டீரியாக்கள் குடியேறி, நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாக மேலே அனுப்பிவிடும். அதாவது மணல் அழுக்காகிறது என்று நாம் சொல்வதில் பாதி, மணல் உயிர் பெறுகிறது என்பதுதான். இது நண்பருக்கும் தெரியும். ஆனால் விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில் வெள்ளை மணல் வெள்ளையாக இருக்க வேண்டும். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் வெள்ளையாக இருந்தால்தான் பிடித்திருந்தது.

இந்தப் பட்டியலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்று ஒரு ரசாயனக்காரர் இருந்தார். மருந்துக்காரர்களின் சங்கத்துக்குச் சொந்தமான அப்பாதிகரீஸ் ஹாலில் வேலை. 1849-ல் அவர் பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மணலும் கல்லும் போட்டு, வாலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடியை நட்டு, இரண்டு சின்னத் தங்க மீன்களை விட்டார். மீன் மூச்சுவிட்டுக் கெடுக்கும் தண்ணீரைச் செடி சரிசெய்யும், செடிக்கு வேண்டியதை மீன் தரும். இருவரும் ஒருவரையொருவர் வாழவைத்துக்கொண்டு, தண்ணீரே மாற்றாமல் காலம் தள்ளலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு அழகானதுதான். ஆனால் செடியின் பழைய இலைகள் அழுகின. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சையாகப் பிசுக்குப் படிந்தது. இரண்டு பேரை வைத்து அவர் நினைத்த உலகம் நிற்கவில்லை. அப்போது அவர் குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலையும் பிசுக்கையும் தின்றன. தண்ணீர் தெளிந்தது. போதாததற்கு நத்தைகள் இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீனுக்குத் தீனியாயின. 1850-ல் லண்டன் கெமிக்கல் சொசைட்டியில் அவர் படித்த குறிப்பில் இதெல்லாம் இருக்கிறது. அக்வேரியம் என்று நாம் இன்று சொல்கிற விஷயம் பிறந்த இடங்களில் அந்தக் குறிப்பும் ஒன்று.

அந்த நத்தையை நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் அங்கே இருப்பதற்குக் காரணம் அதன் அழகு. செடி இருப்பது மீனுக்குச் சமமான எதிர்த்தட்டாக. நத்தை மட்டும்தான் ஒரு காரியத்துக்காக, கணக்கு உதைத்த பிறகு, உள்ளே வருகிறது. வந்ததும் கணக்கு சரியாகிவிடுகிறது. சமநிலை என்ற சொல்லை நம் விமர்சகர்கள் கவிதைக்கும் சமூகத்துக்கும் சரளமாகப் பயன்படுத்துகிறார்கள். எந்தச் சமநிலையிலும், அது நிற்பதற்காகப் பின்னால் கொண்டுவந்து நுழைக்கப்பட்ட நத்தை எது என்று தேடிப் பார்க்கும் வழக்கம் எனக்கு இப்போது வந்திருக்கிறது. வாரிங்டனைக் குறை சொல்லவில்லை. அவருடைய நத்தைக்குத் தின்ன இலை உதிர்ந்துகொண்டே இருந்தது. செடி இருக்கும்வரை நத்தைக்குப் பஞ்சமில்லை. அந்த அளவில் அவர் யோக்கியமான முதலாளி.

நண்பரின் பட்டியலில் இருப்பவற்றுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. துறவி நண்டைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். காலிச் சங்குக்குள் குடியிருப்பதால் அதற்குத் துறவி என்று யாரோ பெயர் வைத்தார்கள். வளர வளர அதற்குப் பெரிய சங்கு வேண்டும். தொட்டியில் காலிச் சங்கு கிடைக்காதபோது, உயிரோடு இருக்கும் நத்தையைக் கொன்று தின்றுவிட்டு அதன் வீட்டில் குடியேறிக்கொள்ளும். துப்புரவுக்கென்று வாங்கிய இரண்டில் ஒன்று மற்றொன்றைத் துப்புரவு செய்துவிடுகிறது. கடைக்காரர்கள் இதற்காகக் காலிச் சங்குகளையும் விற்கிறார்கள்.

கோபி மீன் மணலை வாய் நிறைய அள்ளி, செவுள் வழியாகச் சலித்து வெளியே விடும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். மணலில் இருக்கும் சின்ன உயிர்களைச் சலித்துத் தீர்த்ததும் மெலிய ஆரம்பிக்கும். கேள்விக்குறிக்கு அதுதான் காரணம். மணலை அள்ளிப் பவழங்களின் மேல் கொட்டும் என்பதும் ஒரு காரணம். இரண்டில் எது நண்பருக்கு முக்கியமாகப் பட்டது என்று நான் கேட்கவில்லை.

கடல் அட்டையை அடித்தது என்னால். நான் ராமநாதபுரம் கரையில் பிறந்தவன். அட்டையை அவித்துக் காயவைத்திருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். எங்களில் யாரும் அதைத் தின்றதில்லை. கிழக்காசிய நாடுகளின் சாப்பாட்டு மேஜைக்காக அது எங்கள் கடலிலிருந்து போயிற்று. 2001-ல் மத்திய அரசு கடல் அட்டைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிப்பதைத் தடைசெய்தது. முங்கிப் பிழைத்தவர்களின் பிழைப்பு அத்தோடு போயிற்று. அது வேறு கதை, சின்னக் கதையும் அல்ல. நண்பரிடம் நான் சொன்னது இதையல்ல. அட்டை செத்தாலோ, மோட்டாரில் சிக்கி நைந்தாலோ, அதன் உடம்பிலிருந்து கசியும் விஷம் தொட்டியிலிருக்கும் மீன்களையெல்லாம் கொன்றுவிடலாம் என்பதைத்தான் சொன்னேன். உடனே அடித்துவிட்டார். அட்டைக்காக அவர் அடிக்க மாட்டார், மீன்களுக்காக அடிப்பார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானும் அந்த அளவுக்குத் தந்திரசாலி.

இப்போது நட்சத்திர மீன். பட்டியலில் அது இரண்டாவது முறையாக இடம்பெறுகிறது.

முதலாவது நான் போனபோது இருந்தது. கையகலம். பழுப்பு நிறம், ஐந்து கைகளின் ஓரத்திலும் சீப்புப் பல் போல முட்கள். அஸ்ட்ரோபெக்டன் என்ற இனம். மற்ற பல நட்சத்திர மீன்களுக்குக் கால்களின் நுனியில் உறிஞ்சு தட்டு இருக்கும், பாறையையும் கண்ணாடியையும் பற்றி ஏற. இதற்குக் கால்கள் கூராக முடிகின்றன, மணலைத் தோண்ட. மணல்மேல் விட்டால் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் போய்விடும். மேலே ஒரு நட்சத்திர ரூபத்தில் மணல் லேசாக மேடிட்டு நகர்வது தெரியும். மணலே எழுந்து நடப்பதைப் போலிருக்கும். அதற்குக் குதம் கிடையாது. சின்னச் சிப்பிகளையும் நத்தைகளையும் முழுசாக விழுங்கி, செரிக்காததை வந்த வழியே வெளியே தள்ளுகிறது.

சிப்பிகளையும் நத்தைகளையும் என்று சொன்னேன். எல்லாம் இதில்தான் இருக்கிறது. அது அழுக்கைத் தின்பதில்லை. மணலுக்குள் வாழும் சின்ன உயிர்களைத் தின்கிறது. அந்தச் சின்ன உயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. மணலைக் கிளறிக்கொண்டே போவதால் மேலே இருக்கும் பழுப்பு உள்ளே புதைந்து, மணல் வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையில் சுத்தம் செய்து கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தின்று தீர்த்துவிட்டு, சுத்தம் செய்ததாகப் பேர் வாங்கிக்கொண்டு, கடைசியில் தின்ன எதுவும் இல்லாமல் பட்டினி கிடக்கிறது. பேர் வாங்கியது அதன் குற்றமல்ல. பேர் வைத்தவர்கள் நாம்.

நண்பர் ஊருக்குப் போன மூன்றாம் நாள் அது பகலில் மணலுக்கு மேலே வந்தது. அதுவரை விளக்கு அணைந்த பிறகுதான் வரும். தொட்டியின் நீளத்துக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கண்ணாடியில் ஏற முடியாத கால்களால் கண்ணாடியின் மேல் ஒரு கையைத் தூக்கி வைத்துச் சரிந்தது. நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நண்பருக்குத் தொலைபேசியில், "உங்க ஆள் பகலிலும் டூட்டி பாக்கறார்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். அடுத்த வாரம் கை நுனிகள் மழுங்கியிருப்பதைக் கவனித்தேன். மணலில் உரசி உரசித் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போதுதான் அந்த எண்ணத்தின் அசிங்கம் எனக்கு முழுசாகத் தெரிகிறது. உழைத்துத் தேய்ந்தது என்று நான் அதற்கு ஒரு கௌரவத்தைக்கூடக் கொடுத்துவிட்டேன்.

நட்சத்திர மீன்கள் பட்டினியைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பதில்லை. மாதக்கணக்கில் தம் உடம்பையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, சுருங்கிச் சுருங்கிக் காலம் தள்ளும். குரல் இல்லை, முகம் இல்லை. சாவதும் மணலுக்குள். பலருடைய தொட்டிகளில் அது சாவதே இல்லை, காணாமல்தான் போகிறது. நண்பர் திரும்பிவந்த மறுநாள் மணலைக் கிளறி எடுத்தார். இரண்டு கைகள் உடம்போடு இல்லை. மிச்சம் விரலில் ஒட்டியது. அதை அவர் ஒரு காகிதத்தில் மடித்தார். அன்றைக்கு மணல் என்றைக்கும் இல்லாத வெள்ளையாக இருந்தது.

அன்று ராத்திரி விவாதம் நடந்தது. நண்பர் முரடரல்ல. நல்ல வாசகர். நம்மில் பலரைவிட அதிகம் படித்தவர். அவர் சொன்னது: "கடலிலும் இதேதானே? அங்கே யார் அதுக்கு இலை போட்டுப் பரிமாறுகிறார்கள்? இருப்பதைத் தின்னும், தீர்ந்தால் சாகும். நீர் அதுக்கு உம்முடைய மனசை வாடகைக்கு விட்டுப் பார்க்கிறீர். முகம் இல்லை என்று நீரே சொல்கிறீர். முகமில்லாத ஒன்றுக்காக இவ்வளவு துக்கமா?"

இதில் முதல் பாதிக்கு எனக்குப் பதில் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு இல்லை. முகமும் மூளையும் இல்லாத ஒரு ஜீவன் பட்டினியை எப்படி அனுபவிக்கிறது, அனுபவிக்கிறதா என்பதைப் பற்றி நான் எதையும் சத்தியம் செய்யத் தயாராக இல்லை. மனிதனை வெறும் சாதனமாக மட்டும் நடத்தாதே என்று சொன்ன காண்ட், விலங்குகளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. விலங்கிடம் குரூரமாக இருப்பவன் மனிதனிடமும் அப்படி ஆகிவிடுவான் என்பதற்காகத்தான் விலங்கிடம் குரூரம் கூடாது என்றார். அப்படியானால் நட்சத்திர மீன் எனக்கு ஒரு பயிற்சிப் பலகை, அவ்வளவுதான். எனக்கு இது போதவில்லை. ஆனால் போதாது என்று நிரூபிக்கவும் வழி தெரியவில்லை.

முதல் பாதிக்கு வருகிறேன். கடலில் மணல் தீர்வதில்லை. ஒரு இடத்தில் இரை குறைந்தால் அடுத்த இடம் இருக்கிறது. அது மட்டுமல்ல. கடலில் எதுவும் மணலைச் சுத்தம் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவுப் பவழத்திட்டில் கடல் அட்டைகளைக் கணக்கெடுத்து 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. முப்பது லட்சம் அட்டைகள், வருஷத்துக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலைத் தின்று வெளியே விடுகின்றன என்று அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முப்பது லட்சத்தில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அவை சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால் மணலுக்கு என்ன ஆகிறது என்பது மணலின் சமாசாரம். தொட்டிக்குள் இது தலைகீழாகிவிடுகிறது. மணல் முக்கியம், அட்டையின் பசி அதற்கு ஒரு கருவி. பசி இருக்கும்வரைதான் கருவி இயங்கும். ஆகவே வயிறு நிறைந்த துப்புரவாளன் நமக்கு உபயோகமில்லை. காலி வயிற்றோடு இருப்பவனைத்தான் நாம் வாங்குகிறோம், காலியாகவே வைத்திருக்கிறோம். அவன் வேலையைச் சரியாக முடித்தால் அந்த வெற்றியே அவனைக் கொல்லும். முடிக்காவிட்டால் கடைக்காரனைத் திட்டுகிறோம்.

"அவன்" என்று எழுதிவிட்டேன். அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

இங்கிலீஷில் இந்த ஜந்துக்களுக்கெல்லாம் சேர்த்து ஸ்காவெஞ்சர் என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லின் சரித்திரம் விசித்திரமானது. முதலில் அது லண்டனில் ஒரு உத்தியோகஸ்தரின் பெயர். வெளியூர் வியாபாரிகள் விற்கவரும் சரக்குக்கு வரி வாங்குகிறவர். பிறகு தெருக்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பாயிற்று. பிறகு தெருவைச் சுத்தம் செய்பவனே ஸ்காவெஞ்சர். பிறகு அழுகலைத் தின்னும் நண்டும் கழுகும். வரி வாங்கும் நாற்காலியிலிருந்து சாக்கடை வரை அந்தச் சொல் இறங்கிவந்ததைப் பாருங்கள். நம் ஊருக்கு அது நகராட்சிப் பதிவேடுகளின் வழியாக வந்து, குறிப்பிட்ட சில ஜாதிகளில் பிறந்த மனிதர்களின் பெயருக்குப் பக்கத்தில் உத்தியோகமாக உட்கார்ந்தது. கையால் மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். இரண்டாவது வந்த பிறகும் குழிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றிய செய்தி நிற்கவில்லை. மனிதனையும் நத்தையையும் நான் ஒப்பிடுகிறேன் என்று யாரும் படிக்க வேண்டாம். ஒப்பிட்டது அந்தச் சொல். ஒரே சொல்லை இருவருக்கும் வைக்கக் கூசாத மனம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த மனம் நண்பரின் கூடத்தில், நான் போட்டு உட்கார்ந்த நாற்காலியில், "உங்க ஆள் டூட்டி பாக்கறார்" என்று சொன்ன என் வாயில் இருந்தது என்பதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு தொட்டியில் ஒன்று செத்ததற்கு இவ்வளவா என்றால், ஒரு தொட்டி என்று எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் அலங்காரத் தொட்டிகளுக்காகக் கடலில் பிடிக்கப்படும் முதுகெலும்பில்லாத ஜந்துக்களைப் பற்றி 2009-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. 2007-ல் மட்டும் 90 லட்சம் பிடிபட்டன. அதில் 60 லட்சம், மேய்பவை: நத்தை, நண்டு, இந்த மாதிரி. அழகுக்காகப் பிடித்ததைவிட வேலைக்காகப் பிடித்தது இரண்டு பங்கு ஆகிவிட்டது என்பதை அந்த ஆய்வாளர்கள் ஒரு பெரிய திருப்பமாகக் குறிப்பிடுகிறார்கள். அவை அங்கே, தம் திட்டில், மேய்ந்துகொண்டிருந்தவை. கடல் என்ற தொட்டியின் பட்டியலிலிருந்து எடுத்து நம் பட்டியலில் எழுதிக்கொண்டோம்.

மார்கரிட்டா என்ற அழகான பெயரில் ஒரு நத்தை விற்கப்பட்டது. வட பசிபிக்கின் குளிர்ந்த கரைகளைச் சேர்ந்தது. இருபத்தைந்து டிகிரி வெப்பத்தில் இருக்கும் பவழத்தொட்டியில் போட்டால் கொஞ்ச நாள் மேயும், பிறகு ஓய்ந்துபோய்ச் சாகும். தன் குளிரிலிருந்து எடுத்துவந்து வெந்நீரில் வேலைக்கு விட்ட மாதிரி. விலை மலிவு என்பதால் யாரும் அதற்காக அழவில்லை. செத்தால் இன்னொரு டஜன். மலிவு என்பது ஒரு விலை அல்ல, ஒரு அறிவின்மை என்று நினைக்கிறேன்; அந்த விலையில் எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நமக்கு ஏற்படுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. அடிமணலை உண்மையிலேயே சுத்தமாக வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாறையோடு ஒட்டிக்கொண்டு, யாரும் அழைக்காமல், தாமாக வந்து சேர்கிறார்கள். உடம்பின் இரண்டு பக்கமும் மயிர் போல முட்கள் உள்ள புழுக்கள், எள்ளளவு இறால் சாயலில் துள்ளும் பூச்சிகள், கண்ணுக்கே தெரியாத இன்னும் சில. தொட்டி வளர்ப்பவர்கள் வெகுகாலம் அந்த முட்புழுக்களைக் கண்டாலே பயந்தார்கள். தொட்டால் கையில் முள் ஏறும். பவழத்தைத் தின்றுவிடும் என்று சந்தேகம். பொறி வைத்துப் பிடித்து எறிந்தார்கள். செத்த பவழத்தின்மேல் புழு இருந்தால் புழுதான் கொன்றது என்று முடிவுகட்டினார்கள். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றவன்மேல் பழி. பிறகுதான், அவற்றில் பெரும்பாலானவை செத்ததையும் மிச்சத்தையும் தின்று வாழ்பவை, மணலின் நலம் அவற்றால்தான் என்று பலரும் ஒத்துக்கொண்டார்கள். அவை தொகையில் தாமாகவே கூடும், குறையும். தீனி அதிகம் விழுந்தால் பெருகும். குறைத்தால் குறையும். இவற்றைத்தான் நண்பர் வாங்கிய நட்சத்திர மீன் ஐந்து மாதம் தின்றுகொண்டிருந்தது.

அப்படியானால் தேர்ந்தெடுக்கவே கூடாதா? இப்படிச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது எழுத்தாளர்களுக்குச் சௌகரியமான முடிவு. பாறை ஏற்கெனவே தொட்டியில் இருக்கிறது. மீன்கள் இருக்கின்றன. அழுக்கு விழுந்துகொண்டிருக்கிறது. தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் அவற்றின் தலைமேல் ஒரு தேர்வுதான். நண்பரிடம் நான் வாதாடியது இவ்வளவே: எது என்ன வேலை செய்யும் என்று எழுதிய பத்திக்குப் பக்கத்தில், வேலை முடிந்த பிறகு அது எதைத் தின்னும் என்று இன்னொரு பத்தி போடுங்கள். அது காலியாக இருந்தால் பெயரை அடித்துவிடுங்கள். மணலுக்குள் புதைந்து கிடந்து, தீனியின் வாசனை வந்ததும் மூக்குக் குழலை நீட்டி மேலே வரும் அந்த நசாரியஸ் நத்தையை வைத்துக்கொள்ளலாம். அது தின்பது மீனுக்குப் போட்டதில் தப்பி விழுந்ததை. அதற்கு வேண்டியதை நம் கையாலேயே போட முடியும். நாலு போதும், நாற்பது வேண்டாம். மீதியை உம் கையால் செய்யும். ஒரு குழாயை மணலில் வைத்து, உறிஞ்சி, வாளியில் விடும்.

"அப்போ நான்தான் ஸ்காவெஞ்சர்" என்றார் நண்பர். கோபமாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இருவருமாகக் குழாய் வைத்தோம். அரை வாளி பழுப்புத் தண்ணீர் வந்தது. மனசுக்குக் கொஞ்சம் குமட்டியது. ஐந்து மாதம் இதைத்தான் ஒரு ஜீவன் பேரில் எழுதி வைத்திருந்தோம்.

அதில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பாத்திரத்தைத் தாமே கழுவுகிற பெரிய மனிதர்களின் சந்தோஷம் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அழுக்கைத் தொட்டுவிட்டு மீதி ஆறு நாட்களுக்கு அதைப் பேசிக்கொண்டிருக்கலாம். இந்தக் கட்டுரையே அதற்கு அத்தாட்சியாக ஆகிவிடக்கூடும். தீனியைக் குறைத்திருந்தால், இரண்டு மீன்கள் குறைவாக வைத்திருந்தால், குழாயும் வேண்டியதில்லை, நத்தையும் வேண்டியதில்லை. அதை நண்பரும் எடுக்கவில்லை, நானும் எடுத்துச் சொல்லவில்லை. அந்த ஊதா நிற மீனை எனக்கும் பிடித்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, விளக்கெல்லாம் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு தொட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். பாறையின் ஒரு துளையிலிருந்து முட்புழு ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டி, மணல்மேல் இப்படியும் அப்படியும் தடவிக்கொண்டிருந்தது. நட்சத்திர மீனுக்குத் தப்பியது. காகிதத்தை எடுத்துவிட்டு நேர் வெளிச்சம் அடித்தேன். ரப்பர் போல உள்ளே இழுத்துக்கொண்டது.

போன மாதம் நண்பர் பட்டியலைத் தபாலில் அனுப்பியிருந்தார். என் முன்னால் கிடப்பது அதுதான். வலது ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்து, மூன்றாவது பத்தி ஒன்று போட்டிருக்கிறார். நசாரியஸுக்கு நேரே "நான்" என்று எழுதியிருக்கிறார். நட்சத்திர மீனுக்கு நேரே ஒன்றும் இல்லை. பெயரையும் அவர் அடிக்கவில்லை. கோபிக்கு எதிரே அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.